கப்சிப் கூப்பிட்ட குரல்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, பயிற்சியாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மா அவர்களே, கோலுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தி எங்களை ஆட வைத்த ரசிகத் தோழர்களே, கடைசி வரிசையில் கதவை ஒட்டித் தனியாக உட்கார்ந்திருக்கும் எதிரணி வீரர் அவர்களே!

ஆம், அவரையும் விளித்துத்தான் தொடங்குகிறேன். முணுமுணுப்பு கேட்கிறது. கேட்கட்டும். அவர் உள்ளே வந்ததிலிருந்து இந்த மண்டபத்தில் பாதிப் பேர் மேடையையே பார்க்கவில்லை. வெளியே கேட்டில் கூடி நிற்பவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு வீட்டில் அழுதது போதாதா? இன்னொரு வீட்டையும் அழ வைத்துவிட்டுத்தான் நாம் கலைந்து போக வேண்டுமா?

இந்த அணியின் கேப்டன் நான். டிஃபென்டர். அதாவது, நாம் இழந்த தம்பிக்கு ஆட்டம் முழுக்க முன்னால் நின்றவன். நம் இளம் கோல்கீப்பர், ஒன்றாம் எண் சட்டைக்குச் சொந்தக்காரர், காவல் வீரர் என்றெல்லாம் எனக்கு முன்னால் பேசியவர்கள் சொன்னார்கள். அத்தனையும் உண்மை. ஆனால் எனக்கு அவன் கப்சிப். தம்பியை 'அவர்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மன்னியுங்கள்.

ஏன் கப்சிப்? அணிக்கு வந்த புதிதில் அவன் பேசி யாரும் கேட்டதில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால், யாராவது கவனிக்கும்வரை உப்பையே பார்த்துக்கொண்டிருப்பான்! மூன்றாவது கீப்பராக வந்தான். முதலாமவருக்கு விரல் முறிந்தது, இரண்டாமவருக்குக் காய்ச்சல். இவனைப் பிடித்து கோலுக்குள் நிறுத்தினோம். முதல் ஆட்டத்திலேயே உயரப் பந்து ஒன்று வந்தது. கீப்பர் அதை எடுப்பதாக இருந்தால் "விடு!" என்று கத்த வேண்டும். கத்தினால் நாங்கள் ஒதுங்குவோம், கத்தாவிட்டால் நாங்கள் தலையால் முட்டி வெளியேற்றுவோம். இவன் வாயைத் திறக்காமல் ஓடி வந்தான். நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்த்தான். பந்து எங்கள் இருவருக்கும் நடுவில் விழுந்து, மெல்ல உருண்டு கோலுக்குள் போனது.

"வாய்க்குப் பூட்டாடா போட்டிருக்க?" என்று கத்தினேன். "இல்லண்ணே" என்றான். அதுவும் எனக்குக் கேட்கவில்லை, உதட்டசைவை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த நாள் என்ன செய்தான் தெரியுமா? வாடகை அறையின் மொட்டை மாடியில் ஏறி நின்று, "விடு! விடு!" என்று கத்திப் பழகியிருக்கிறான். கீழ்வீட்டில் அப்போது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் சண்டை. அந்த மனிதர் மூச்சிரைக்க மாடிக்கு வந்து, "எங்க வீட்டுப் பஞ்சாயத்துல நீ யாருய்யா?" என்று சட்டையைப் பிடித்திருக்கிறார். அந்த அக்காவோ, "தினமும் கத்து தம்பி, நல்லா இருக்கு" என்றாராம். சிரியுங்கள், பரவாயில்லை. அந்த அக்கா இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார்.

அந்தக் குரல் வந்த பிறகல்லவா நாம் ஜெயிக்க ஆரம்பித்தோம்! மழையில் கேட்டது, எதிரணி ரசிகர்களின் கூச்சலுக்கு மேலே கேட்டது. அவன் "விடு" என்றால் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். பந்து அவன் கையில் இருக்கும்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் அவன் அம்மா, வேலை முடிந்த சீருடையோடே வந்து கோலுக்குப் பின்னால் நிற்பார். ஆனால் மைதான மூலையிலிருந்து பந்தை உதைத்து அனுப்பும் கார்னர் என்றால் அவருக்குப் பயம். முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். மகன் "விடு!" என்று கத்திய பிறகுதான் மைதானத்தைப் பார்ப்பார்.

இனி அந்தக் கடைசி கார்னருக்கு வருகிறேன்.

உங்கள் எல்லோருடைய போனிலும் அந்த வீடியோ இருக்கிறது. அதில் என்ன தெரிகிறது? ஒரு முழங்கால், ஒரு தலை. அவ்வளவுதான். "கீப்பர் கத்தியும் விடாம மோதிட்டான்" என்று எழுதிப் பரப்பியிருக்கிறீர்கள். தோழர்களே, "விடு" என்பது எங்களுக்கான குரல். எதிரணிக்காரர் அதைக் கேட்டு ஒதுங்குவாரா? நம் ஃபார்வர்ட் அப்படி ஒதுங்கினால் நீங்கள் சும்மா இருப்பீர்களா?

செயலாளர் சற்று முன் என் காதில், "மேடைல அதெல்லாம் வேணாம் கேப்டன். போனவனைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு உக்காருங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் ஆம்புலன்ஸில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு போனவன் நான். அவனுக்கு நினைவு இருந்தது. முதலில், "கோலாண்ணே?" என்று கேட்டான். "இல்லடா" என்றேன். பிறகு சொன்னான்: "நான்தான் லேட்டுண்ணே. போகலாமா வேணாமான்னு நின்னுட்டேன். அவர் மேல தப்பில்ல. சொல்லிடுங்க."

அமைதி! தயவுசெய்து உட்காருங்கள். நாற்காலியைக் கீழே வையுங்கள்!

நான் கதை கட்டிச் சொல்கிறேன் என்று நினைப்பவர்கள் அம்மாவைக் கேளுங்கள். இன்று காலை அவர் வீட்டுக்குப் போனேன். பெற்றவளிடம் போய், உன் மகன்தான் தாமதித்தான் என்று எப்படிச் சொல்வது? அவரே சொன்னார்: "எனக்குத் தெரியும் தம்பி. திரும்பி நின்னு அவன் குரலுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். அன்னிக்கு அது லேட்டாத்தான் வந்துச்சு. அவன் சொன்னத அப்படியே சொல்லுங்க. பாதிய முழுங்கிடாதீங்க."

அவன் புறப்படுவதற்குள் எதிரணி ஃபார்வர்ட் மேலே எழும்பிவிட்டார். எழும்பிய உடம்புக்கு பிரேக் கிடையாது. ஒரு கணத் தயக்கம் எந்த கீப்பருக்கும் வரும். அதனால் நம் கப்சிப் ஒரு மாற்றுக் குறைந்துவிடுவானா? சாகப் போகிற நேரத்திலும் தன் தப்பைத் தன்னுடையது என்று சொன்னவனைவிடப் பெரிய வீரனை நீங்கள் எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

சனிக்கிழமை நமக்கு ஆட்டம் இருக்கிறது. கையுறை மாட்ட மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்த நம் இரண்டாவது கீப்பர், மாட்டுகிறேன் என்று என்னிடம் ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர் கூப்பிடுவார், நாங்கள் ஒதுங்குவோம். அவன் தொடங்கியதை நிறுத்த மாட்டோம். இது நம் அணியின் உறுதி.

அதற்கு முன், இப்போது ஒரு வேலை இருக்கிறது. தன் மகனைச் சாய்த்த முழங்காலுக்குச் சொந்தக்காரரோடு கேட்டைத் தாண்டி, அவர் வண்டி ஏறும்வரை நடக்க அம்மா முடிவு செய்திருக்கிறார். மறுபக்கம் நான் நடக்கிறேன். கேட்டில் நிற்பவர்களுக்கும் இந்த மைக் கேட்கும். தம்பி தாமதமாகக் கூப்பிட்டான். நான் முன்கூட்டியே கூப்பிடுகிறேன்.

விடு!