நாற்பத்தொரு டெசிபல்

அன்று காலை பதினொரு மணிக்கு எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் ஆறு பேர் இருந்தோம். சேஷனாகிய நான், என் மனைவி விஜயலக்ஷ்மி, மகன் கைலாஷ், மருமகள் சுப்ரியா, அவளுடைய அப்பா ஆனந்தகிருஷ்ணன், ஒலிமானியோடு வந்த ஷிபு. காபி நன்றாக அமைந்திருந்தது. ஷிபு இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தான்.

சத்தத்தை அளக்கும் அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். ஷிபு அங்கே எனக்குக் கீழே இருந்த மலையாளி. இன்றும் என் முன்னால் உட்காரமாட்டான். அவனை வரவழைத்ததும் நான்தான்.

எங்கள் குடும்பத்துப் பெண் எவளும் கோர்ட் படி ஏறியதில்லை. சுப்ரியா ஏறப்போவதாகச் சொன்னாள். கைலாஷ் அடித்தான் என்பது அவள் புகார். அடித்தான்தான், மூன்று தடவை. எண்களில் நான் பொய் சொல்வதில்லை. அதற்காக, என் தகப்பனார் பெயரைச் சேர்த்து யாரோ ஒரு குமாஸ்தா அதை உரக்கப் படிக்க விடமுடியுமா? மகனைத் திருத்தியிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தாறு வயதுக்காரனைத் திருத்துவது கஷ்டம். அவளைப் பற்றி ஊர் நினைப்பதைத் திருத்துவது சுலபம்.

அதன் பிறகுதான் அவளுக்கு ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது. அவள் அறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை, சுவருக்குள்ளே ஏதோ உறுமுகிறது என்றாள். கைலாஷ் அந்த நேரம் ஆபீசில் இருப்பான். விஜயலக்ஷ்மிக்கு வாசல் மணியே கேட்காது. ஆறு வாரத்தில் சுப்ரியா பாதியாக இளைத்தாள். தட்டை வைத்தால் அழுதாள். ஆனந்தகிருஷ்ணன் பதறிக்கொண்டு வந்தார். "அளந்தே பார்த்துடலாமே" என்றேன். பாங்கில் மேனேஜராக இருந்தவர். காகிதத்தில் இருந்தால் எதையும் நம்புவார்.

ஷிபு அறையின் நடுவில், மின்விசிறிக்குக் கீழே, கையை நீட்டி ஒலிமானியைப் பிடித்தான்.

"நாப்பத்தொண்ணு, சாரே. அதும் ஃபேன் சத்தம். வேற பிரஸ்னம் ஒண்ணும் இல்ல."

"இங்க மூலைல, என் கட்டில்கிட்ட வெச்சுப் பாருங்கோ" என்றாள் சுப்ரியா.

"சுவத்துலேர்ந்து ஒரு மீட்டர் விட்டுத்தான் அளக்கணும், மேடம். அதாணு ரூல்."

"சரி, அந்த A சுவிட்சை C-க்கு மாத்துங்கோ. நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன். A-ல வெச்சா ஆழமான சத்தம் தெரியாதாம்."

ஷிபு என்னைப் பார்த்தான்.

"சட்டத்துல எது, ஷிபு?" என்றேன்.

"A தன்னே, சாரே."

"பாத்தியாம்மா. நமக்காகச் சட்டத்தை மாத்தச் சொல்லப்படாது."

"ஒரே ஒரு தடவை, அப்பா. மாத்தச் சொல்லுங்கோ" என்று அவள் தன் தகப்பனார் கையைப் பிடித்தாள்.

"மிஷினே இல்லேங்கறது. போறும்டி, வா" என்றார் ஆனந்தகிருஷ்ணன். கைலாஷ் அவள் பெட்டியை எடுத்துக் கொடுத்தான். இந்த வீட்டில் அவன் அவளுக்குச் செய்த ஒரே உதவி அது.

அவள் படித்தது சரிதான். மனிதக் காது ஆழமான சத்தத்தைக் குறைவாக வாங்கும் என்பதால், A நிலையில் கருவியும் அதைக் குறைத்தே காட்டும். நாற்பது ஹெர்ட்ஸ் உறுமலில் முப்பத்தைந்து டெசிபலை ஓசைப்படாமல் கழித்துவிடும். C நிலையில் இரண்டுதான் கழியும். தவிர, பதினாலு அடி அறையில் அந்த உறுமல் மூலைகளில் குவிந்து நடுவில் மெலிந்துபோகும். அவள் கட்டில் மூலையில் இருந்தது. ஷிபு நடுவில் நின்றான். ஒலிமானி மிகவும் நாகரிகமான கருவி. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாது.

அவள் அறைக்கும் சாமான் அறைக்கும் நடுவே பலகைத் தடுப்புதான். அதன் பின்னால், அண்டாக்களுக்கு அடியில், ஆழமான சத்தத்துக்கென்றே உள்ள ஒரு வூஃபர் ஸ்பீக்கரை நான் வைத்திருந்தேன். ஆபீஸ் நேரம் மட்டும் ஓடவிட்டேன். பாவம், அவளும் தூங்க வேண்டுமே. ஷிபு அளந்தபோதும் அதை நான் நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அது மோசடி.

இல்லாத சத்தத்தைக் கேட்கிறவள், வாங்காத அடியையும் வாங்கியதாகச் சொல்வாள் என்று எங்கள் வக்கீல் ஆனந்தகிருஷ்ணனுக்கு எழுதினார். ஷிபு கையெழுத்திட்ட காகிதத்தையும் இணைத்தார். சுப்ரியா இப்போது தகப்பனார் வீட்டில் மூன்று வேளையும் மாத்திரை சாப்பிடுகிறாள். மனு போட அவளே பயப்படுகிறாளாம். எங்கள் பெயரை எந்தக் குமாஸ்தாவும் படிக்கவில்லை.

சுப்ரியாவுக்குச் சித்தம் கலங்கிவிட்டது, அது அவள் அம்மா வழியில் வருவது என்று பழவங்காடி கோவில் வரைக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. அது தவறு. அவள் தலையணை மேல் C நிலையில் நானே அளந்தேன்: எழுபத்து நான்கு. அவளுக்கு எந்தக் கோளாறும் இல்லை.