பதினேழாம் எண்ணின் இடது காது

முதலில் அந்தத் தேநீர்க் கோப்பையைக் காகிதத்தின் மேலிருந்து எடுத்துவிடுங்கள், ஐயா. அடியில் ஈரம் இருக்கிறது. வட்டம் விழுந்துவிட்டால் என்ன செய்தாலும் போகாது. சொல்லாமல் இருக்கலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

நான் கலைக்கூடத்தின் காப்பாளர். வாசலில் நிற்கும் காவலாளி என்று உங்கள் ஆள் எழுதியிருக்கிறார், அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஓவியம், சிற்பம் எல்லாம் சேர்த்து அங்கே அறுநூற்றுப் பன்னிரண்டு பொருள்கள். அவற்றை எடுப்பதும் வைப்பதும், கிடங்கின் ஈரப்பதம் பார்ப்பதும், ஒவ்வொன்றும் எப்படி இருக்கிறது என்று படிவத்தில் எழுதுவதும் என் வேலை. அந்தப் படிவத்துக்கு நிலைக்குறிப்பு என்று பெயர். ஒரு பொருள் கிடங்கை விட்டு வெளியே போகும் முன் ஒன்று, திரும்பி வந்ததும் ஒன்று. கீறல் உண்டா, கறை உண்டா, என்ன காரணம், யார் பொறுப்பு. ஒரு கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. நான் விட்டதில்லை, அதில் பொய் எழுதியதும் இல்லை. டீச்சரைக் கொன்றவன் இதைச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சிரித்துக்கொள்ளுங்கள், காத்திருக்கிறேன்.

பணத்திலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும். எங்களுடையது லாபத்துக்கு நடத்தும் இடம் இல்லை, அறக்கட்டளை. நுழைவுச்சீட்டில் வருவது மின்கட்டணத்துக்கே இழுத்துக்கோ பறிச்சுக்கோ என்றிருக்கும். நிறுவியவர் வைத்துவிட்டுப் போன பெரிய தொகை வங்கியில் தூங்குகிறது. அதன் வட்டியில் புதிய கலைப்பொருள் மட்டுமே வாங்கலாம் என்று எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடிவிட்டார். கூரை ஒழுகினால் அந்தப் பணத்தைத் தொட முடியாது, சம்பளத்துக்கும் தொட முடியாது. எங்கள் பொருளாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரு காசு வாங்காமல் வந்து போகிறவர். ஒவ்வொரு கூட்டத்திலும் தலையில் கை வைத்துக்கொண்டு ஒரே பாட்டைப் பாடுவார். "பீரோ நிறைய நகை இருக்கு, பால் வாங்கக் காசு இல்ல. இதை வச்சுக்கிட்டு நான் எப்படிங்க குடும்பம் நடத்துறது?"

அந்தச் சமயத்தில்தான் டீச்சர் வந்தார். பார்வையற்ற குழந்தைகள் படிக்கும் பள்ளியில் இருந்தவர், எங்களிடம் நிகழ்ச்சிப் பொறுப்பாளராகச் சேர்ந்தார். நாற்பது வயது இருக்கும். சத்தமாகச் சிரிப்பார். மூச்சுக்கு முந்நூறு அண்ணா போடுவார். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. முதலில் அது கேட்க நன்றாகத்தான் இருந்தது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அவர் ஒரு உதவி நிறுவனத்திடம் பேசி மூன்று வருடத்துக்குப் பணம் வாங்கிவந்தார். கூரைக்கு, சம்பளத்துக்கு, எல்லாவற்றுக்கும். அதற்கு ஒரே நிபந்தனை. பார்வையற்ற குழந்தைகள் சனிக்கிழமைதோறும் வந்து ஒரு சிற்பத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கு அனுப்ப வேண்டும். முதலில் ஒரு சிற்பம், வகுப்பு நன்றாக நடந்தால் இரண்டாம் வருடத்திலிருந்து பதினொன்று.

அந்த ஒரு சிற்பமாக அவர் தேர்ந்தெடுத்தது பதினேழாம் எண்ணை.

வெண்கலத்தில் செய்த பெண் தலை. ஆறு கிலோ இருநூறு கிராம். செய்தவர் யாரென்று தெரியாது. கண் பாதி மூடியிருக்கும், யாரோ பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் முகம் லேசாகச் சாய்ந்திருக்கும். மதிய உணவை நான் அதன் அருகில்தான் சாப்பிடுவேன், இரண்டடி தள்ளி. இருபத்திரண்டு வருடத்தில் நான்கூட அதை வெறும் கையால் தொட்டதில்லை. வியர்வையில் உப்பு இருக்கிறது, உப்பு வெண்கலத்தைத் தின்றுவிடும்.

கூட்டத்தில் எதிர்த்தேன். "அண்ணா, பிள்ளைங்க கை கழுவி, துடைச்சுட்டுத்தான் தொடுவாங்க. நீங்களே மெழுகு பூசிக் குடுங்க. பக்கத்துலயே நில்லுங்க," என்றார் டீச்சர். பொருளாளர் என் பக்கமும் பேச வேண்டுமே என்று ஒரு விதி போட்டார். ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னும் பின்னும் நான் நிலைக்குறிப்பு எழுத வேண்டும். ஒரு புதிய சேதம் கண்ணில் பட்டாலும் வகுப்பு அன்றோடு நிற்கும். நான் ஒத்துக்கொண்டேன். நாலு வாரம் தாங்காது என்று நினைத்தேன்.

முப்பத்தொன்பது வகுப்புகள் நடந்தன. ஏழு குழந்தைகள். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தேன். எழுபத்தெட்டுப் படிவங்களிலும் 'மாற்றம் இல்லை' என்றே எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போனால் சோறு இறங்காது. அந்த விரல்கள் அவள் வெண்கல உதட்டிலும் இமையிலும் ஊர்ந்துகொண்டே இருக்கும். நானே ஒரு கீறல் போட்டுவிடலாமா என்று ஒருநாள் ஆணியோடு உட்கார்ந்தேன். மனசு வரவில்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை.

அந்தக் குழந்தைகளில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எதைச் சொன்னாலும் ஏன், எப்படி என்று குறுக்குக் கேள்வி கேட்பாள். டீச்சர் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர் வைத்திருந்தார். முப்பத்தொன்பதாம் வகுப்பு முடிந்து தலையைப் பெட்டியில் வைத்த பிறகு, "ஒரே ஒரு தடவை சார்," என்று கையை உள்ளே விட்டாள். பெட்டி கனமான மரம், விளிம்பில் இரும்புப் பட்டை அடித்தது. நான் மூடியைச் சாய்த்தேன். அவள் கை உள்ளே இருந்தது எனக்குத் தெரியும். மூடியின் மேல் என் எடையைக் கொஞ்ச நேரம் வைத்தேன். எலும்பு முறியும் சத்தம் பெரிதாகக் கேட்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. இடது கையில் இரண்டு விரல். மூடி தானாக விழுந்தது என்றேன். எல்லாரும் என்னைத்தான் சமாதானப்படுத்தினார்கள்.

வகுப்பு மூன்று சனிக்கிழமை நின்றது. அந்த மூன்று வாரமும் நான் நன்றாகத் தூங்கினேன்.

நாலாவது சனிக்கிழமை மறுபடி வைத்துவிட்டார்கள். காலை பத்து மணிக்கு நான் கிடங்கில் பதினேழை வெளியே எடுத்து வகுப்புக்குத் தயார் செய்துகொண்டிருந்தேன். டீச்சர் வந்து கதவைச் சாத்தினார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"அண்ணா, மூடி தானா விழலைன்னு அவ சொல்றா. விழுந்தா ஒரு அடிதானாம். இது அழுத்திக்கிட்டே இருந்துச்சாம். மேல யாரோ மூச்சு விட்டது கேட்டுச்சாம்."

நான் பதினேழின் கழுத்தடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. நான் நம்புறேன். பணம் வந்தப்ப மொதல்ல உங்க சம்பளத்தைத்தான் அதுல எழுதினேன். உங்க வேலையை எடுத்துடலாம்னு சொன்னவங்ககிட்ட, அண்ணன் இல்லாம வகுப்பு இல்லைன்னு சண்டை போட்டேன்."

ஏறக்குறைய ஒரு வருடமாக அந்த ஏழு பேரின் விரல்கள்தான் எனக்குச் சோறு போட்டிருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். உண்மையிலேயே அழுதுகொண்டிருந்தார். நான் பேசாமல் இருந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப திங்கக்கிழமை கூட்டத்துல நான் சொல்லித்தான் ஆகணும்," என்றார். "அடுத்த மாசத்துலேர்ந்து பதினோரு சிற்பமும் வெளிய வருது. உங்களை அந்தப் பிள்ளைங்க பக்கத்துல நிக்க விட முடியாது." கதவைத் திறக்கத் திரும்பினார்.

நான் கையுறை போட்டிருந்தேன். திட்டமிட்டுப் போட்டேன் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். கிடங்கில் நான் எப்போதும் கையுறையோடுதான் இருப்பேன். தலையை முறைப்படிதான் தூக்கினேன், ஒரு கை கழுத்தடியில், ஒரு கை பக்கவாட்டில். முதல் அடி பின்மண்டையில். அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார், எதையோ கீழே தவறவிட்டுத் தேடுகிறவர்போல. அண்ணா என்றார். இரண்டாவது அடி அதே இடத்தில், அதற்கு முதல் அடியைவிடக் குறைந்த சத்தம். மூன்றாவதில் அவர் திரும்பிவிட்டார். வெண்கலத் தலை அவர் நெற்றியை உரசிக்கொண்டு போய் அலமாரியின் இரும்புக் காலில் மோதியது. நாலாவதும் ஐந்தாவதும் சரியாக விழுந்தன. எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இருக்காது.

தூசு மறைக்கும் வெள்ளைத் துணி ஒன்று இருந்தது, அதைப் போர்த்திவிட்டேன். துணி மெல்ல ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பதினொரு மணி வரை உயிர் இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கும். வகுப்பு பத்தரைக்கு, எனக்கு நேரம் இல்லை.

அப்போதுதான் இடது காதைப் பார்த்தேன். மடலின் மேல் ஓரம் நசுங்கியிருந்தது. ஐயா, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு மூளை வேலை செய்தது. புதிய சேதம், எனவே விதிப்படி வகுப்பு நிற்க வேண்டும். வகுப்புக்கு முந்தைய படிவத்தில் 'மாற்றம் இல்லை' என்று எழுதி, தலையைக் கொண்டுபோய்க் குழந்தைகள் முன் வைத்து, பிறகு பிந்தைய படிவத்தில் நசுங்கலைக் காட்டினால் போதும். ஏழு பேரில் யாரோ ஒருவர் தட்டிவிட்டார் என்று ஆகும். பதினொரு சிற்பங்களும் தப்பிக்கும். டீச்சரை என்ன செய்வது என்று மதியம் யோசித்துக்கொள்ளலாம்.

காய்ச்சி வடித்த நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். படிவத்தை எடுத்தேன், பேனாவை எடுத்தேன். எழுதினேன். கோப்பில் வைத்தேன். தலையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

குழந்தைகள் கை கழுவி உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் எங்கே என்று கேட்டார்கள், வருவார் என்றேன். வக்கீலம்மாவின் இடது கையில் கட்டு, அதனால் வலது கையால் தொட்டாள். நெற்றி, மூக்கு, கன்னம். காதுக்கு வந்ததும் விரல் நின்றது.

"சார், இவங்க காது நசுங்கியிருக்கு."

"நீங்க யாராவது தட்டியிருப்பீங்க."

"நான்தான் மொதல்ல தொடறேன். போன தடவை இப்படி இல்ல." விரலை மோந்து பார்த்தாள். "ஈரமா வேற இருக்கு. இவங்களைக் குளிப்பாட்டினீங்களா?"

மற்ற குழந்தைகள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துப் பொருளாளர் உள்ளே வந்தார். உதவி நிறுவனத்துக்கு அனுப்ப அவர்தான் தலை எண்ணிக் கையெழுத்துப் போடுவார். ஏழு என்று எண்ணினார், பேனாவைத் திறந்தார், வழக்கம்போல என் படிவக் கோப்பையும் எடுத்துப் புரட்டினார். புரட்டிய கை நின்றுவிட்டது.

"என்னங்க இது? வகுப்புக்கு முன்னாடி, பத்து இருபதுன்னு நேரம் போட்டிருக்கு. காது நசுங்கல், புதியது. சிவப்புக் கறை, துடைக்கப்பட்டது. முடி ரெண்டு, அகற்றப்பட்டது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யார் முடிங்க?"

நான் என்ன எழுதினேன் என்பது அவர் படித்தபோதுதான் எனக்கே உறைத்தது. 'மாற்றம் இல்லை' என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மாறிப்போன ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே அப்படி எழுத இந்தக் கைக்குத் தெரியவில்லை. நீளம் நான்கு மில்லிமீட்டர் என்று அளந்துகூடப் போட்டிருந்தேன். காரணம் என்ற கட்டத்தில் 'கையாண்டபோது இரும்பில் மோதியது' என்றும், பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரையும் எழுதியிருந்தேன். கீழே கையெழுத்து.

அவர் கிடங்குக்கு ஓடினார். நான் ஓடவில்லை. தலையை மேசையில் தனியாக விட்டுவிட்டு எங்கே போவது? நீங்கள் வரும்வரை பக்கத்திலேயே நின்றேன். யாரையும் தொட விடவில்லை.

ஆமாம், ஐயா. அந்தப் பெண்ணின் விரல்களை நசுக்கியது நான். டீச்சரை அடித்துக் கொன்றதும் நான், வேறு யாருக்கும் பங்கில்லை. அவர் நல்ல மனுஷி. என்னிடம் யாரும் அவ்வளவு அன்பாக இருந்ததில்லை. எதை எழுதிக் கொடுத்தாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

மாற்ற வேண்டியது ஏதாவது உண்டா என்று கேட்டீர்கள். இந்த வாக்குமூலத்தில் இல்லை. அந்தப் படிவத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது. பதற்றத்தில் எழுதியது, மூன்று நாளாக உறுத்துகிறது. பொறுப்பு என்ற கட்டத்தில் என் பெயரை அடித்துவிட்டு டீச்சர் பெயரைப் போடுங்கள். மூன்றாவது அடியின்போது அவர் திரும்பினார். அசையாமல் இருந்திருந்தால் அந்தக் காதுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.