பத்தாவது ஆள்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. டம்ளர் விளிம்பில்தான் யாரோ வாய் வைத்த கறை. பரவாயில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அழுக்கு ஆகாது.

என் வேலையும் ஒரு வகையில் துப்புரவுதான். போலீஸின் விபத்துப் பதிவுகளையும் ஆஸ்பத்திரியின் மரணப் பதிவுகளையும் கம்ப்யூட்டரில் இணைப்பது. பள்ளிக்கூடச் சந்திப்பில் மூன்று வருடத்தில் நான்கு பேர் செத்ததாகப் போலீஸ் எழுதியிருந்தது. இணைத்துப் பார்த்தால், வார்டில் கிடந்து செத்தவர்களும் சேர்ந்து ஒன்பது. பத்து ஆனால்தான் அபாய இடமென்று அறிவித்து வேகத்தடை போடுவார்கள். என் மகள் தினமும் அங்கேதான் ரோட்டைக் கடக்கிறாள்.

மேலதிகாரியிடம் போய் நின்றேன். குண்டூசியால் பல் குத்திக்கொண்டே, "ஒம்பதுதானே? பத்து ஆகட்டும், பாக்கலாம்" என்றார். குத்தியெடுத்ததை என் ஃபைல் மேலேயே துடைத்தார். ஃபைலை நுனிவிரலால் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதே சந்திப்பில் லாரி மோதிய தையல்காரர் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். விபத்து நடந்து முப்பது நாளுக்குள் செத்தால்தான் சாலை மரணம்; அதற்குப் பிறகு செத்தால் எங்கள் கணக்கில் வராது. இருபத்தொன்பதாம் நாள் மதியம் போனேன். ஆபீஸிலிருந்து ஆள் வந்து பார்க்கிறாரே என்று அவர் மனைவிக்குச் சந்தோஷம்.

"இன்னிக்கு விரலை அசைச்சாரு தம்பி. என்னைப் பாத்ததும் கண்ணு கலங்கிடுச்சு. கொஞ்சம் பாத்துக்கங்க, சாப்பாடு வாங்கிட்டு வந்துடறேன்."

ஆள் தேறுகிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே ஒரு நாள்தான் மிச்சம்.

மூச்சுக்காக அவர் கழுத்தில் துளைபோட்டு வைத்திருந்த குழாயை உள்ளங்கையால் மூடினேன். அதிக நேரம் ஆகவில்லை. விரல்கள் என் சட்டையைப் பிடித்தன. தையல்காரர் அல்லவா, துணியை நன்றாகவே பிடித்தார். கையெல்லாம் சளி. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். இப்போது நினைத்தாலும் அருவருப்பாக இருக்கிறது.

பொட்டலத்தோடு திரும்பிய மனைவி அந்தக் கையைத்தான் பிடித்துக்கொண்டு அழுதார். "கடைசி நேரத்துல நீங்களாவது பக்கத்துல இருந்தீங்களே தம்பி."

அடுத்த வாரம் வேகத்தடை வேலை தொடங்குகிறது.

எழுதிக்கொள்ளுங்கள், கொன்றது நான்தான். வார்டு கேமராவிலும் இருக்கிறது. தண்டனையைப் பற்றிக் கவலையில்லை. மரணத்துக்குக் காரணம் என்ற இடத்தில் மட்டும் விபத்து என்பதை மாற்றிவிடாதீர்கள். கொலை என்று போட்டால் கணக்கு மறுபடி ஒன்பதாகிவிடும். ஒரு உயிர் அநியாயமாகப் போனதாகிவிடும்.