என் மண்ணில் விழுந்தது

முதலில் சாப்பிடுங்கள், நீதிபதி ஐயா. எங்கள் வீட்டு வாத்துக்கறியை ஆறவிட்டு வழக்குப் பேசியவர் இந்த ரைன் நதிக்கரையில் யாருமில்லை.

வியாபாரிகள் என்னைத் திருடன் என்கிறார்களாம். கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது. இந்த எபர்வின் பிரபுவின் கை பிறத்தியார் மூட்டையைத் தொட்டதே கிடையாது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? போகிற வண்டி கவிழ்ந்து சரக்கு தரையில் பட்டால், அது அந்த மண்ணுக்குரிய பிரபுவைச் சேர்ந்தது. தாத்தா காலத்திலிருந்து அப்படித்தான். வேண்டாம் என்று சொல்ல நான் யார்?

சாலை கொஞ்சம் மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஏற்றத்தில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி வைக்கும்படி என் காரியக்காரன் குன்ஸிடம் சொன்னதும் நான்தான். ஒருமுறை மிளகு வண்டி ஒன்று சாய்ந்தது. வியாபாரி தலையில் அடித்துக்கொண்டான்.

"ஐயா, மூட்டை வண்டியிலதான் இருக்கு. ஒரு மூலைதான் தரையில பட்டிருக்கு."

"மூலை மூட்டையோடதுதானே?" என்றான் குன்ஸ். "வேணும்னா அத மட்டும் அறுத்துக் குடுத்துட்டுப் போ, பாப்போம்."

வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கஞ்சிக்குக்கூட மிளகுதான்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். டீட்மார் சிலுவைப் போருக்குப் போனவன். செத்துவிட்டான் என்று நினைத்துப் பூசை வைத்து, மனசார அழுதும் முடித்துவிட்டேன். போன வருடம் திடீரென்று ஆள் அனுப்பினான். பெண் பார்த்தாகிவிட்டது, வருகிறேன், கோட்டையில் என் பாதியை ஒழித்து வை என்று.

பாதி! ஒரே சமையற்கட்டு, ஒரே கிணறு. இதில் எதைப் பாதியாக்குவது? அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை. சின்ன வயதில் அவனைத் தோளில் தூக்கித் திரிந்தவன் நான்.

பள்ளத்தின் மேல் மரப்பாலம் ஒன்று இருக்கிறதே, அதன் நடு உத்தரத்தைக் குன்ஸ் அடியிலிருந்து அறுத்தான். பிறகு, "தம்பி ஐயாவாச்சே..." என்று இழுத்தான்.

"பாலம்தானேடா உடையப்போகுது. நீ ஏன் முகத்தத் தொங்கப்போடுற?" என்றேன்.

உடைந்தது. குதிரை அங்கேயே செத்தது. தம்பிக்குக் கால்தான் போயிருந்தது. கீழே மல்லாந்து கிடந்தவன் என்னைப் பார்த்ததும் சிரித்தான். அவன் எப்போதும் அப்படித்தான், எது நடந்தாலும் சிரிப்பான்.

"என்னண்ணே, ஒரு பாலத்தக்கூட ஒழுங்கா வச்சிக்க மாட்டியா? சீக்கிரம் வா, கையக் குடு."

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குன்ஸ் ஒரு பாறாங்கல்லை விளிம்புவரை உருட்டிக்கொண்டு வந்தான். அங்கேயே விட்டுவிட்டு விலகி நின்றான். மிச்சத்தை நானே தள்ளினேன்.

பாலத்தைப் புதிதாகப் போட்டாயிற்று, வரும்போது பார்த்திருப்பீர்கள். ஆனால் கொலை என்கிறீர்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. மிளகு மூட்டை போல ஒரு மூலையா பட்டிருந்தது? தலை முதல் கால்வரை அவன் என் மண்ணில் கிடந்தான், ஐயா. பிறத்தியார் பொருளாக இருந்திருந்தால் நான் தொட்டிருக்கவே மாட்டேன்.