ரோஸாய்ப் போன சிவப்புக் கம்பளம்

வெள்ளவத்தையில் ரயில் ஏறிய புருசனும் பெண்சாதியும் எனக்குப் பக்கத்தில் எதிரெதிரே இருந்தார்கள். புருசன் மடியில் சுருட்டிய கம்பளம்.

“கடையில சிவப்பா இருந்தது, வீட்ட வந்து ரோஸாப் போச்சுது,” என்றார் அந்த அக்கா.

நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்தினேன்.

“புறக்கோட்டைக் கம்பளக்கடை நானா அப்பிடி வேறொண்டை மாத்தித் தந்து ஏமாத்தமாட்டாரப்பா. பாரசீகம் எண்டா பூ, துருக்மேன் எண்டா கட்டம் போட்ட சிவப்பு எண்டு எவ்வளவு விளங்கப்படுத்தினவர்.”

“அந்தச் சிவப்பு எங்க? ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்க வாற மாப்பிள்ளை வீட்டாரை ரோஸிலயோ இருத்துறது? ஃபோன்ல அவரைக் கள்ளன் எண்டே சொல்லிப்போட்டன். இப்ப கொண்டுபோய்த் திருப்பிக் குடுக்கிறதுதான்.”

அந்த அண்ணர் கம்பளத்தை அவிழ்த்து இருவர் மடியிலும் விரித்தார்.

“எனக்குச் சிவப்பாத்தான் தெரியுது.”

“எனக்கு ரோஸ். கண்ணாடியைத் துடையுங்கோ.”

துடைத்தார். பாவம், கண்ணாடியில் குற்றமில்லை.

“நீ இஞ்சால வந்து இரு பாப்பம்.”

இடம் மாறினார்கள். ரயில் பம்பலப்பிட்டியைத் தாண்டியது.

“இப்ப எனக்கு ரோஸ்,” என்றார் அண்ணர். கையால் தடவிப் பார்த்தார். “கம்பளி மயிர் ஒரு பக்கமாப் படுத்திருக்கு. அதுதான் இந்தப் பக்கம் இருந்து பாத்தா வெளிறித் தெரியுது.”

அக்கா இப்போது தன் பக்கத்திலிருந்து தெரிந்த சிவப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானாட முகத்தில எப்பிடி முழிக்கிறது?”

“நீதானே கதைச்சனி.”

“ஞாயிற்றுக்கிழமை அவரையும் கூப்பிடுவம். சிவப்புத் தெரியிற பக்கத்தில இருத்துவம்.”

“அப்ப மாப்பிள்ளை வீட்டார்?”

“அவை ரோஸைப் பாக்கட்டும். அவையை நான் கள்ளர் எண்டு சொல்லேல்லையே.”