அச்சேறாத மூன்று குறிப்புகள்

என் பெயரும் முகவரியும் தனித்தாளில் எழுதித் தந்திருக்கிறேன். வயது முப்பத்தாறு. என் அண்ணன், அதாவது சித்தப்பா மகன், நடத்தும் மக்கள் தொடர்பு நிறுவனத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். வாடிக்கையாளர்களைப் பற்றிய குறிப்புகளை நிருபர்களுக்கு அனுப்பி, செய்தியாகப் போடும்படி கேட்பது என் வேலை.

பங்குச் சந்தை, செம்பு போன்ற பொருட்களுக்கு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போடும் முன்பேர வணிகம் பற்றி எழுதும் நிருபர் ஒருவருக்கு நாற்பது குறிப்புகளாவது அனுப்பியிருப்பேன். அவர் போட்டது இரண்டு. மற்றவற்றுக்கெல்லாம், "இதுல செய்தி எங்கேம்மா இருக்கு?" என்று ஒரே வரிதான் பதில். எங்களிடம் அவர் ஒரு பேனாகூட வாங்கியதில்லை.

மார்ச் மாதம் அண்ணன் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கிடங்கில் செம்பு இருப்பு குறைந்துவிட்டதாகத் தெரிகிறது என்ற குறிப்பை அந்த நிருபருக்கு மட்டும், காலை பத்தேகாலுக்கு அனுப்பச் சொன்னார். ஆதாரம் கேட்டால் என்ன சொல்வது என்றேன்.

"அவர் போடமாட்டார். நீ அனுப்பு, அது போதும்."

போடமாட்டார் என்று தெரிந்தே எதற்கு அனுப்புவது என்று உறுத்தியது. அனுப்பினேன்.

அதன் பிறகு நிருபர் வழக்கம்போல் விசாரித்து, அது உண்மையா என்று நான்கு தரகர்களிடம் போனில் கேட்டிருக்கிறார். அவரே கேட்கிறார் என்றதும் பேச்சு பரவி, மதியத்துக்குள் செம்பு விலை ஏறியது. இருப்பு குறையவில்லை என்று தெரிந்து அவர் எதுவும் எழுதவில்லை. அண்ணனும் செய்தி வந்ததா என்று கேட்கவில்லை. நிருபர் யார் யாரிடம் விசாரித்தார் என்றுதான் கேட்டார்.

அதன் பிறகு அவருக்கே இதேபோன்ற குறிப்புகள் ஏப்ரலில் ஒன்றும் மே மாதம் ஒன்றும் அனுப்பினேன். மே மாதக் குறிப்புக்கு முந்தைய நாள், செம்பு விலை ஏறினால் லாபம் தரும் ஒப்பந்தங்களை எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் வாங்கிக் குவித்திருப்பதை அண்ணன் மேசையில் இருந்த தாளில் பார்த்தேன். அண்ணன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் மகளுக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்தார். விட்டுவிட்டது என்றேன்.

அதன் பிறகு, வதந்தி பரப்பக் காசு வாங்கினார் என்று நிருபரை அவருடைய பத்திரிகையில் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். சென்ற திங்கட்கிழமை அவர் எனக்குப் போன் செய்தார்.

"நான் நாலு பேர்கிட்ட கேப்பேன்னு தெரிஞ்சுதான் அனுப்புனீங்களாம்மா?"

மறுநாள் சித்தப்பா வீட்டுக்கு வந்து, அந்த மூன்று மின்னஞ்சல்களையும் அழித்துவிடும்படி சொன்னார். அழிக்கவில்லை. நகல்களை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

விலையை ஏற்றத்தான் அந்தக் குறிப்புகள் என்பது எனக்குத் தெரியுமா என்று இந்த வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட அதிகாரி கேட்டதற்கு, முதல் குறிப்பில் சந்தேகம், இரண்டாவதில் பெரிய சந்தேகம், மூன்றாவதில் சந்தேகமே இல்லை என்று பதில் சொன்னேன்.

மேலே உள்ளதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அனைத்தும் நான் சொன்னபடியே உள்ளது. ஓரிடத்தில் மட்டும் "அண்ணனின் கட்டாயத்தின் பேரில்" என்று எழுதியிருந்தார்கள். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை என்று சொல்லி அதை அடிக்க வைத்தேன். அடித்த இடத்திலும் இங்கேயும் கையெழுத்திட்டிருக்கிறேன்.