சலங்கை தனியாக் கேக்குதுங்கப்பா

ஹலோ... இல்லீங்க, அப்பா இல்லீங்க... அப்பா போன்தானுங்க, பேசறது நானுங்க... "வித்தியாசம் தெரியுதா அம்மணி?"ன்னு போன மாசம் எங்க ஊட்டுக்கு வந்தப்ப எங்கிட்டக் கேட்டீங்களே, ரசாக் பாய்... அந்தப் புள்ளதானுங்க. காளிச்சாமி மகள். லோகப்பிரியா... ஆமாங்க, சோமனூருங்க... ஆமாங்க, ஆமாங்க, தறிக்குடோன் வெச்சிருக்கறவருதான்...

இல்லீங்க, அப்பா நல்லாத்தானுங்க இருக்காரு... நீங்க குடுத்த ஒயரை மாட்டுன பாட்டுச் செட்டும் நல்லாத்தானுங்க பாடுது... புது ஒயரா? அது... அதைப் பத்தித்தானுங்க...

சித்த இருங்க பாய், வெச்சுராதீங்க. சொல்ல வேண்டியதைக் காலண்டர் தாள்ல எழுதி வெச்சிருக்கேனுங்க, பாத்துச் சொல்லிப்போடறேன்... சிரிக்காதீங்க பாய். நானா ஒருத்தருக்குப் போன் பண்றது இதுதானுங்க மொதல் தடவை...

சத்தமாவா? முடியாதுங்க. அப்பா கூடத்துல இருக்காரு... தூங்கறாருங்க. இன்னைக்கு எங்க பக்கம் மாசாந்தரக் கரண்டுக் கட்டு. காத்தால ஒம்போதுக்குப் போனது, நாலு மணிக்குத்தான் வரும். தறி அத்தனையும் நின்னு கெடக்குது. கரண்டு வரட்டும்னு செட்டு முன்னாலயே நாற்காலியப் போட்டு உக்காந்தவரு, அப்படியே தூங்கிப்போட்டாரு. நான் சமையக்கட்டுல கதவைச் சாத்திட்டு நிக்கிறேன்... அதானுங்க, தறி ஓடுனா எங்க ஊட்டுல எங்கீங்க போன் பேசறது...

சரிங்க, படிக்கிறேன். "பாய், தயவு செஞ்சு இனிமே எங்க அப்பாவுக்கு ஒயரு குடுக்காதீங்க..." ஹலோ?... இருக்கீங்களா?... அய்யோ, உங்க மேல குத்தம் சொல்லலீங்க... இல்லீங்க, இல்லீங்க, மட்டமான சரக்குன்னு நான் எங்கீங்க சொன்னேன்...

மொதல் ஒயரு நல்ல ஒயருங்க. அதை இல்லைங்கல. பழசு செவப்புங் கருப்புமா நூலாட்டம் இருந்துச்சு, நுனியெல்லாம் பச்சை பூத்து... ஆமாங்க, நீங்கதான் கழட்டிக் காட்டுனீங்க. ஒரு ஸ்பீக்கரு எப்பவும் கரகரன்னுட்டே இருக்கும். நீங்க தடி ஒயரை மாட்டுனீங்க பாருங்க, வயலின் ஒரு பக்கம், தபேலா ஒரு பக்கம்னு பிரிஞ்சு வந்துச்சுங்க. பாடறவங்க மூச்சு இழுக்கறதுகூடக் கேட்டுச்சு. எங்கம்மா அடுப்பை அணைச்சுப்போட்டு வந்து வாசப்படியில நின்னுச்சு. அப்பா கேட்டாரு, கேக்குதா கண்ணுன்னு. கேக்குதுங்கப்பான்னேன். அது நெசமுங்க. அதுல பொய் இல்லீங்க.

ரெண்டாவதுலதானுங்க பொய் சொல்லிப்போட்டேன்... ஆமாங்க, பிளேயர்ல இருந்து ஆம்பிளிஃபயருக்குப் போற சின்ன ஒயரு. அப்பா மாட்டிப்போட்டுச் செட்டைப் பாக்கலீங்க, என்ற மொகத்தையே பாத்தாரு. தறிக்காரங்க ஆளு வாயைப் பாத்துத்தானே பேச்சைப் புடிப்பாங்க... எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. முன்ன எப்படியோ அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அவரு அப்படிப் பாக்கறப்ப... தெரியுதுங்கப்பான்னுட்டேன். என்ன தெரியுதுன்னாரு. சலங்கை தனியாக் கேக்குதுங்கப்பான்னேன். என்னமோ வாய்க்கு வந்துச்சு...

உங்ககிட்டயும் சொன்னாரா?... ஊரு பூராச் சொல்லிப்போட்டாருங்க. பேக்கரியில உக்காந்துட்டு, "என்ற புள்ளைக்குச் சலங்கையில எத்தனை மணி இருக்குதுன்னு எண்ணிச் சொல்லத் தெரியும்"ங்கறாராம். எனக்கு அந்தப் பக்கம் போறதுக்கே கூச்சமா இருக்குதுங்க...

மூணாவதா? அதுக்கும் நீங்களே வந்தீங்களே பாய். பிளக்குல மாட்டறது. சாரைப்பாம்பு தண்டி இருக்குது, எங்கம்மா கூட்டறப்ப அதை வெளக்குமாத்துல தொடக்கூட மாட்டேங்குது... நீங்க ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் நின்னுட்டு என்னையப் பாத்தீங்க. நீங்க கேட்டீங்க. நான் தலைய ஆட்டிப்போட்டேன். ஊடு தேடி வந்தவங்க காப்பியக் கையில வெச்சுட்டுக் கேக்கறப்ப, மொகத்துக்கு நேரா இல்லைன்னு எப்படீங்க சொல்றது?...

இல்லீங்க, இப்ப அதுக்காகக் கூப்பிடலீங்க. இன்னைக்குப் பொழுதோட மனோஜ்குமார் வர்றான். எங்க அத்தை பையனுங்க, இன்ஜினியரிங் படிக்கிறான். போன வாரம் வந்தவன் அந்தப் பிளக்கு ஒயரைப் பாத்துப்போட்டு, "ஏன் மாமா, மலையில இருந்து கரண்டு அத்தனை தூரம் சாதாக் கம்பியில நடந்து வருது, கடைசி நாலடிக்கு மட்டும் பட்டு உருமாலை கட்டிவிட்டா அதுக்குப் பாட்டு வந்துருமா?"ன்னுட்டான்... சிரிக்காதீங்க பாய், அப்பா சிரிக்கலீங்க. அவருக்கு ரோசம் பொத்துக்கிச்சு. "என்ற புள்ள கண்ணைக் கட்டிக்கிட்டுச் சொல்லுவாடா"ன்னுட்டாரு. கரண்டு வந்ததும் மாத்தி மாத்தி பத்து வாட்டி மாட்டுவாங்களாம். நான் துண்டுல கண்ணைக் கட்டிட்டு, எது புதுசு எது பழசுன்னு சொல்லோணுமாம்...

அதைத்தானுங்க கேக்கறேன். ஏதாச்சும் அடையாளம் இருக்குதுங்களா? புதுசு மாட்டுனா ஒரு சின்னச் சத்தம், ஒரு இரைச்சல், எதாவது... இல்லீங்களா... ஒண்ணுமே இல்லீங்களா?... அப்ப ரெண்டும் ஒண்ணுதானுங்களா?... ஒண்ணில்லீங்களா?... சிலருக்குத் தெரியும்ங்கறீங்க... ம்... ம்... அப்ப எனக்குத்தான் தெரியலீங்களா பாய்?

இல்லீங்க, கேட்டேன். நானும் பதினொண்ணாவதுல நின்னதுல இருந்து மூணு வருசமாத் தறிக்குடோன்லதானே நூலு சுத்தறேன்... விடுங்க. என்ற கதைய விடுங்க.

அடுத்ததா என்ன எழுதியிருக்கேன்... அடிச்சு அடிச்சு எழுதி எனக்கே வெளங்கல... எழுதினதை விடுங்க, நடந்ததைச் சொல்லிப்போடறேன். வெசாழக்கெழமைங்க. அப்பா ஒரு பாட்டுப் போட்டாரு. அந்தப் பாட்டுல மொதல்ல வெறும் சலங்கை மட்டுந்தான் வரும், அப்பறந்தான் தபேலா. சலங்கை கொட்டிட்டிருக்குதுங்க பாய். கணீர்னு. எங்கம்மா கொல்லையில துணி தொவைச்சுட்டு இருந்துச்சு, அதுக்கே கேட்டிருக்கும். அப்பா செட்டு முன்னால குனிஞ்சுட்டு, "இன்னும் ஓடலியே கண்ணு"ங்கறாரு. ஒயரைப் புடுங்கிப் புடுங்கி மாட்டறாரு. ஊதி ஊதி மாட்டறாரு. தபேலா வந்தப்பறந்தான் நிமுந்து பாத்து, "ஆ, இப்ப வந்துருச்சு பாரு"ன்னு சிரிச்சாரு...

அதானுங்க. அதேதானுங்க. ஒயருல இல்லீங்க. காதுல... குக்கரு பக்கத்துலயே நின்னுட்டு அஞ்சாறு விசிலைக் கேக்காம விட்டிருக்காரு, நாங்க வெளையாட்டா நெனைச்சுட்டு இருந்தோம். அன்னைக்குத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு...

பஞ்சா? தறி ஓடறப்பக் காதுலயா? எங்க ஊட்டுல பஞ்சு சோத்துலகூடப் பறக்குமுங்க, காதுல ஆருங்க வெப்பாங்க... இல்லீங்க, ஒருத்தரும் வெக்க மாட்டாங்க. வெச்சாச் சிரிப்பாங்க.

இதுல பாருங்க, அவரு உங்களைத்தான் நம்பிட்டிருக்காரு. "பாட்டு மங்கிப்போச்சு, பாயி நாலாவதா ஒண்ணு வெச்சிருக்காரு, அதை மாட்டுனா எல்லாந் தெளிஞ்சுரும்"ங்கறாரு. திங்கக்கெழமை உங்க கடைக்கு வர்றதா இருக்காரு. ஒயரு இருக்கற வரைக்கும் டாக்டருகிட்டப் போவாருங்களா, சொல்லுங்க?... அம்மாவா? அம்மா சொல்லாதுங்க. தறிக்காரருக்குக் காது மந்தமுங்கறதை, குடிக்கறவருக்கு வாய் நாறுதுன்னு சொல்ற மாதிரி நெனைக்குது. நானுஞ் சொல்ல முடியலீங்க. தெரியுது தெரியுதுன்னு மூணு வாட்டி சொன்னதே நான்தானே. அதனால நீங்க சொல்லோணும் பாய். நீங்க சொன்னாக் கேப்பாரு...

என்னது?... எப்பங்க?... ஆடி மாசமேவா? கடையில உங்க பையன் தாரிக் பின்னால நின்னு கூப்பிட்டும் அப்பா திரும்பாதப்பவா?... அப்ப உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?

தெரிஞ்சுமா பாய் மூணாவது ஒயரு குடுத்தீங்க?

...

இல்லீங்க... கோவமில்லீங்க... இல்லீங்க, அழுவுல... நீங்க பெரியவங்க, நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க... ம்... ம்... ஆமாங்க, நீங்க குடுக்காட்டி வேற கடைக்குத்தான் போவாரு. அது சரிதானுங்க... ஆமாங்க, வேணாம்னா கேக்கற ஆளு இல்லீங்க... மாட்டுனப்ப அந்த மொகத்துல சிரிப்பைப் பாத்தா ஒண்ணுஞ் சொல்லத் தோணாதுதானுங்க. எனக்குந்தான் தோணல...

நானா? என்னையவா சொல்லச் சொல்றீங்க? அய்யோ, என்னால ஆவாதுங்க... மனோஜு வர்றதுக்கு முன்னாலயேவா?... அது சரிங்க, அவன் முன்னால தெரிஞ்சா ஒடிஞ்சுபோயிருவாரு. நான் தப்பாச் சொன்னாத் திட்ட மாட்டாருங்க. திட்டுனாத் தேவலையே. "புள்ளைக்குத் தலைவலி, இன்னொரு நாளைக்கு வெச்சுக்கலாம்"னுதான் அவங்கிட்டச் சொல்லுவாரு. அதை நெனைச்சாத்தான்...

சரிங்க. நான் சொல்றேன். ஆனா எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலீங்க. நீங்களே சொல்லிக் குடுங்க. அப்படியே எழுதி வெச்சுட்டு, அவரு முழிச்சதும் ஒரே மூச்சுல படிச்சுப்போடறேன்... இருங்க, பென்சிலு... ம், சொல்லுங்க. "அப்பா"... ம்... "ஒயருல ஒண்ணுங் கொறையில்லீங்க"... கொறை... யில்லீங்க... எழுதிட்டேன். மெதுவாங்க... "ஒரு வாட்டி"... ம்...

ம், சொல்லுங்க... பாய்?... ஹலோ?

ஹலோ, கேக்குதுங்களா?... "ஒரு வாட்டி"க்கு அப்பறம் என்னங்க? ஒண்ணுங் கேக்கலியே... போன்ல நிமிசம் ஓடிட்டுத்தானே இருக்குது... ஹலோ?... அட, ஃபேன் சுத்துது. கரண்டு வந்துருச்சுங்க பாய். நாலு மணிகூட ஆவல...

கூடத்துல ஆரோ பேசறாங்க... மனோஜு வந்துட்டான் போல... இல்ல, அவன் கொரலில்ல... பெரியவங்க கொரலு...

பாய்! பேசாதீங்க பாய்! அது உங்க கொரலுங்க! செட்டுல வருதுங்க! அப்பா போனுங்க இது, செட்டுக்கு உசுரு வந்ததும் அதுவா புளூடூத்துல போனைப் புடிச்சுக்கிச்சு... சத்தம் வேற முழுசா வெச்சிருக்காரு... அய்யோ, மெதுவா மெதுவாச் சொல்றீங்களே... டாக்டருங்காதீங்க... காதுங்காதீங்க பாய்... நான் கத்தறது அங்க கேக்குதா இல்லியா... எதை அமுக்கோணும்னு தெரியலியே...

அப்பா... முழிச்சுட்டீங்களாப்பா?... அது ஒண்ணுமில்லீங்கப்பா, பாயி சும்மா... அப்பா, இங்க பாருங்க. அந்த ஸ்பீக்கரையே பாக்காதீங்க. என்ற மொகத்தைப் பாருங்கப்பா...

...

ஹலோ... ஆ, இப்பக் கேக்குதுங்க. போனுக்கே வந்துருச்சுங்க... அப்பா செட்டுப் பிளக்கைப் புடுங்கிப்போட்டாரு, அதனால... கேட்டுப்போட்டாருங்க பாய். எல்லாத்தையும். எப்பவும் "ஆங்?"னு ரெண்டு வாட்டி கேப்பாருங்க. இப்பக் கேக்கலீங்க...

இல்லீங்க, வீசியெல்லாம் எறியலீங்க. அந்த ஒயரைப் பதனமாக் கழட்டி, சுருட்டி, மேசை மேல வெச்சுட்டாரு... அப்பா... சட்டையப் போடறாருங்க... எங்கீங்கப்பா போறீங்க? மனோஜு வர்ற நேரமுங்க... அப்பா, நான் பொய் சொல்லிப்போட்டேனுங்கப்பா... அப்பா...

செருப்பைப் போட்டுட்டாருங்க பாய்... வாசலைத் தாண்டிட்டாரு... அப்பாஆ!

திரும்பலீங்க. கூப்பிட்டது கேக்கலியா, கேட்டுப்போட்டுத்தான் போறாரான்னு எனக்கு... வெக்கறேனுங்க.